போர்ட்டடவுன் பாலமும் பகிரப்படும் எண்ணிக்கைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற நான், நம் நாளிதழின் நெடுநாள் வாசகன். சில வாரங்களுக்கு முன்பு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், வெளிநாடு ஒன்றில் நடந்த சமயக் கலவரம் பற்றிய தகவல் ஒன்று வந்தது. இறந்தவர்கள் இத்தனை ஆயிரம் பேர் என்று ஓர் எண்ணும், எரியும் வீட்டின் முன்னால் ஒரு தாய் கதறி நிற்கும் படமும் அதில் இருந்தன. கலவரம் நடந்தது உண்மைதான். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. படமோ வேறொரு நாட்டில், பல ஆண்டுகளுக்கு முன்பு எடுக்கப்பட்டது என்பது சற்றுத் தேடியவுடனேயே தெரிந்துவிட்டது. இதை நான் குழுவில் எடுத்துச் சொன்னபோது, என் மனைவியின் தம்பி, “எண்ணிக்கை கூடக்குறைய இருக்கலாம் அத்தான், ஆனால் நம் ஆட்கள் விழித்துக்கொள்ள வேண்டுமே” என்று எழுதி, தம் கருத்துக்குத் துணையாகத் திருவள்ளுவரையே அழைத்துவந்தார்: “பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.”

அவர் நல்ல மனிதர், படித்தவர், எவருக்கும் தீங்கு நினைக்காதவர். அதனால்தான் அவருடைய அந்தப் பதில் என்னை உறங்கவிடவில்லை. உண்மையாக நிகழ்ந்த ஒரு கொடுமையை நல்ல நோக்கத்தோடு பெருக்கிச் சொன்னால் அது வாய்மையின் இடத்தைப் பெறுமா என்ற கேள்விக்கு வரலாற்றில் விரிவான விடை ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு நான் மிகுதியாகப் படித்துவருவதும் அந்த நிகழ்ச்சியைப் பற்றித்தான் என்பதால், அதை நம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அது 1641ஆம் ஆண்டில் அயர்லாந்தில் வெடித்த கிளர்ச்சியும், அதைப் பற்றி லண்டனில் அச்சான செய்திகளும்.

1607இல் வட அயர்லாந்தின் கத்தோலிக்கத் தலைவர்கள் நாட்டைவிட்டு வெளியேறியதும், அல்ஸ்டர் மாநிலத்தில் அவர்களுக்கு உரியனவாக இருந்த நிலங்களை ஆங்கிலேய அரசு எடுத்துக்கொண்டு, 1609 முதல் இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் புராட்டஸ்டன்ட் குடியேறிகளைக் கொண்டுவந்து அமர்த்தியது. ஒரு தலைமுறைக்காலம் இரு தரப்பினரும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தார்கள், சந்தையில் சந்தித்தார்கள், கடன் வாங்கினார்கள், கொடுத்தார்கள். ஆனால் நிலத்தை இழந்தவர்களின் மனக்குமுறல் அடங்கவில்லை. கடன்சுமையும் விளைச்சல் குறைவும், லண்டன் நாடாளுமன்றம் தங்கள் சமயத்தையே ஒழித்துவிடும் என்ற அச்சமும் அதோடு சேர்ந்துகொண்டன. 1641 அக்டோபர் 22ஆம் தேதி இரவு, ஃபெலிம் ஓ’நீல் என்ற கத்தோலிக்க நிலக்கிழாரின் தலைமையில் அல்ஸ்டரில் கிளர்ச்சி எழுந்தது. டப்ளின் கோட்டையைக் கைப்பற்றும் திட்டம் முன்னதாகவே காட்டிக்கொடுக்கப்பட்டுத் தோற்றாலும், வடக்கில் ஊர் ஊராகக் கிளர்ச்சி பரவியது. இங்கிலாந்து மன்னர் சார்ல்ஸின் ஆணைப்படியே ஆயுதம் எடுத்ததாகச் சொல்லி ஃபெலிம் ஓ’நீல் காட்டிய ஆவணம் போலியானது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பொய் ஒரு தரப்புக்கு மட்டும் உரிமையான பொருளாக இருக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நடந்தவை மிகக் கொடியவை, அவற்றை நான் எவ்விதத்திலும் குறைத்துச் சொல்ல மாட்டேன். குடியேறிகளின் வீடுகள் பறிக்கப்பட்டன. உடுத்தியிருந்த துணிகளையும் உருவிக்கொண்டு, குழந்தைகளோடு அவர்களை உறைபனியில் சாலைகளில் விரட்டினார்கள். குளிரிலும் பசியிலும் நோயிலும் இறந்தவர்களே வாளுக்கு இரையானவர்களைவிட அதிகம். நவம்பர் மாதத்தில் போர்ட்டடவுன் என்ற ஊரில் பான் ஆற்றின் குறுக்கே இருந்த பாலத்துக்கு ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாகச் சுமார் 100 பேரை ஓட்டிச்சென்று ஆற்றில் தள்ளினார்கள். நீந்த முயன்றவர்களைக் கரையிலிருந்தே கொன்றார்கள். எலிசபெத் பிரைஸ் என்ற தாயின் பிள்ளைகள் ஐவர் அங்கே மாண்டார்கள்.

இப்பெண்மணியின் சாட்சியம் இன்றும் இருக்கிறது. கிளர்ச்சி தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதங்களில், 1641 டிசம்பரில், டப்ளினுக்குத் தப்பிவந்த புராட்டஸ்டன்ட் அகதிகளிடம் வாக்குமூலம் பெறுவதற்காக ஹென்றி ஜோன்ஸ் என்ற குருவின் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதில் தொடங்கிப் பின்வந்த ஆண்டுகளிலும் பதிவான வாக்குமூலங்கள் ஏறத்தாழ 8,000. டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரியின் நூலகத்தில் 31 தொகுதிகளாக, சுமார் 19,000 பக்கங்களில் அவை காக்கப்பட்டுவருகின்றன. 2010ஆம் ஆண்டிலிருந்து அவற்றை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். நானும் அப்படித்தான் படித்தேன். அவற்றில் பெரும்பாலானவற்றைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கொலையன்று, கணக்கு. எத்தனை பசுக்கள், எத்தனை குதிரைகள், எவ்வளவு தானியம் பறிபோயின, எவ்வளவு கடன் இனித் திரும்பி வராது என்று கைம்பெண்களும் உழவர்களும் கைவினைஞர்களும் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். சூறையாடியவர்களின் பெயர்களையும் சொல்லியிருக்கிறார்கள். பலவேளைகளில் அவர்கள் அண்டை வீட்டாரே. தாம் கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்பதைப் பல சாட்சிகள் பிரித்தே சொல்கிறார்கள். “நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டேன்” என்ற பொருள்படும் சொற்கள் கொலைகளைப் பற்றிய பகுதிகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. சில தாள்களில் பொருளிழப்புக் கணக்கு பேனாவால் அடிக்கப்பட்டிருக்கிறது. மாட்டின் விலை அச்சேறத் தகுந்த செய்தியாகத் தோன்றவில்லை போலும்.

லண்டனில் நடந்ததற்கு இப்போது வருகிறேன். அச்சுத் தொழிலைக் கட்டுப்படுத்திவந்த ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் 1641 ஜூலையில்தான் ஒழிக்கப்பட்டிருந்தது. எவர் வேண்டுமானாலும் சில பக்கத் துண்டுநூலை அச்சிட்டுத் தெருவில் விற்கலாம் என்ற நிலை வந்து நான்கு மாதங்கள்கூட ஆகாதபோது, அயர்லாந்தின் செய்தி வந்து சேர்ந்தது. மக்கள் செய்திக்காகத் தவித்தார்கள்; அச்சகத்தார் அந்தத் தவிப்புக்குத் தீனி போட்டார்கள். கருவுற்ற பெண்களின் வயிறு கிழிக்கப்பட்டதாகவும், குழந்தைகள் ஈட்டிமுனையில் ஏந்தப்பட்டதாகவும், வறுத்துத் தின்னப்பட்டதாகவும் செய்திகள் வெளிவந்தன. அவற்றோடு படங்களும் வந்தன. அப்போது ஜெர்மானிய நாடுகளில் நடந்துகொண்டிருந்த முப்பதாண்டுப் போரைப் பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் வெளியான நூல்களில் காணப்பட்ட கொடூரக் காட்சிகளுக்கும் இந்தப் படங்களுக்கும் இருந்த நெருங்கிய ஒற்றுமையை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். வேறு நாட்டில் எடுத்த படத்துக்குப் புதிய தலைப்பு இடும் வழக்கத்துக்கு, நாம் நினைப்பதைவிட வயது மிக அதிகம்.

எண்ணிக்கை வளர்ந்த விதத்தைப் பற்றி என் மைத்துனருக்கு நான் எழுதியதைச் சற்று விரிவாகவே இங்கும் சொல்ல வேண்டும். ராபர்ட் மேக்ஸ்வெல் என்ற குரு, கிளர்ச்சியாளர்களின் காவலில் இருந்து மீண்டவர், 1642இல் கொடுத்த வாக்குமூலத்தில், அல்ஸ்டரில் மட்டும் 154,000 பிரிட்டிஷார் இல்லாமற்போனதாகக் கிளர்ச்சியாளர்களே கணக்குச் சொன்னார்கள் என்றார். எதிரி தன் வீரத்தைப் பறைசாற்றச் சொன்ன சொல்லாகவோ கைதியை மிரட்டச் சொன்ன சொல்லாகவோ இருந்திருக்கக்கூடியது, சத்தியப் பிரமாணத்தின் கீழ் தாளில் ஏறியவுடன் புள்ளிவிவரமாகிவிட்டது. அல்ஸ்டரில் அன்று குடியேறியிருந்த பிரிட்டிஷாரின் மொத்தத் தொகை அதில் பாதியைக்கூட எட்டியிராது. அடுத்து, 1646இல் சர் ஜான் டெம்பிள் என்ற உயரதிகாரி இக்கிளர்ச்சியின் வரலாற்றை நூலாக எழுதினார். இரண்டே ஆண்டுகளில் 300,000க்கும் மேற்பட்டவர்கள் “கொல்லப்பட்டோ, வேறு வகையில் அழிக்கப்பட்டோ, தம் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டோ” போனார்கள் என்பது அவர் எழுதியதன் சாரம். துரத்தப்பட்டவர்களையும் அவர் அதே மொத்தத்தில் சேர்த்திருப்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். நூலைப் படித்தவர்கள் அந்தக் கடைசிச் சொற்களை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அயர்லாந்தில் 300,000 புராட்டஸ்டன்ட்டுகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள் என்று அது பரவியது. அந்தத் தீவு முழுவதிலும் அன்று அத்தனை புராட்டஸ்டன்ட்டுகளே வாழவில்லை. கவிஞர் மில்டன் போன்ற பேரறிவாளரே 600,000 என்று எழுதுமளவுக்குப் போனார் என்றால், சாதாரண மனிதர்களைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலரும் ஏற்கும் மதிப்பீட்டின்படி, குடியேறிகளில் நேரடியாகக் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். குளிரிலும் நோயிலும் இறந்தவர்களையும் சேர்த்தால் 12,000 வரை இருக்கலாம். இது சிறிய எண்ணா? நம் சிங்கப்பூரில் ஒரு பேட்டையின் பல புளோக்குகளில் வாழும் குடும்பங்கள் ஒரு குளிர்காலத்துக்குள் இல்லாமற்போவதற்குச் சமம். உண்மையான எண்ணே நெஞ்சை உலுக்கப் போதுமானதாக இருந்தது. அதைப் பெருக்க வேண்டிய தேவை இறந்தவர்களுக்கு இருக்கவில்லை. வேறு சிலருக்கு இருந்தது.

யாருக்கு என்பதை ஆண்டுகளே காட்டுகின்றன. 1642 மார்ச்சில், ஹென்றி ஜோன்ஸ் தாம் திரட்டிய வாக்குமூலங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றை லண்டன் நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். அதே மாதத்தில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: கிளர்ச்சியை ஒடுக்கும் படைக்குப் பணம் கடனாகத் தருபவர்களுக்கு, இனிமேல் பறிமுதலாகப்போகும் அயர்லாந்து நிலத்திலிருந்து 2,500,000 ஏக்கர் பங்கிட்டுத் தரப்படும். போர் முடியும் முன்பே நிலம் விலைபேசப்பட்டுவிட்டது. 1644இல், இங்கிலாந்திலோ கடலிலோ ஆயுதத்தோடு பிடிபடும் அயர்லாந்துக்காரர் எவருக்கும் உயிர்ப்பிச்சை தரலாகாது என்று நாடாளுமன்றம் ஆணையிட்டது. 1649 ஆகஸ்டில், மன்னரை எதிர்த்துப் போரிட்ட நாடாளுமன்றத்தின் படைத்தலைவர் ஆலிவர் குரோம்வெல் படையோடு டப்ளினில் இறங்கினார். செப்டம்பர் 11ஆம் தேதி டிரொஹெடா நகரின் மதிலை உடைத்து உள்ளே புகுந்தார். அங்கே ஏறத்தாழ 3,500 பேர் கொல்லப்பட்டார்கள். குற்றமற்றவர்களின் இரத்தத்தில் கை நனைத்த காட்டுமிராண்டிகள்மீது கடவுள் வழங்கிய நீதியான தீர்ப்பு இது என்று அவர் கடிதம் எழுதினார்.

ஆசிரியர் அவர்களே, இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் நின்றுவிடுகிறது. 1641இன் இறுதியில் கிளர்ச்சியாளர்கள் முற்றுகையிட்டும் அவர்களால் பிடிக்க முடியாமற்போன நகரம் டிரொஹெடா. 1649இல் அதைக் காத்து நின்ற மன்னரின் படையில் ஆங்கிலேயரும் புராட்டஸ்டன்ட்டுகளும்கூட இருந்தார்கள். அதன் தளபதி ஆங்கிலேயர். போர்ட்டடவுன் பாலத்துக்கு அவர்கள் எவரையும் ஓட்டிச்சென்றவர்கள் அல்லர். எட்டு ஆண்டுகளாக அச்சில் படித்துப் படித்து ஊறிய ஒரு படைக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நிலங்களைப் பறிமுதல் செய்ய 1652இல் வந்த சட்டத்தாலும் அதன் பின்விளைவுகளாலும், கிளர்ச்சிக்கு முன்பு நாட்டின் நிலத்தில் பாதிக்கும் மேலாகக் கத்தோலிக்கர் கையில் இருந்தது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. குற்றம் செய்தவர்களும் செய்யாதவர்களும் ஷானன் ஆற்றுக்கு மேற்கே அனுப்பப்பட்டார்கள்.

பழி வாங்கப்பட்ட தரப்பு இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டது என்றால், அதே வித்தையைத்தான். 1642 ஜனவரியில் ஐலண்ட்மகீ என்ற தீபகற்பத்தில் கத்தோலிக்கக் குடும்பங்களைப் புராட்டஸ்டன்ட்டுகள் கொன்றார்கள். கொன்றது உண்மை. ஆனால் 1662இல் வெளியான கத்தோலிக்கத் தரப்புத் துண்டுநூல் ஒன்று, அங்கே மாண்டவர்கள் 3,000க்கும் மேல் என்றது. அந்தச் சின்னஞ்சிறு தீபகற்பம் தாங்கக்கூடிய எண் அல்ல அது. இன்னொரு பக்கம், டெம்பிளின் 300,000 பொய் என்று தெரிந்தவுடன், பின்னாளில் எழுதிய சிலர் படுகொலையே நடக்கவில்லை என்றுகூட வாதிட்டார்கள். பெருக்கிச் சொன்னவர்கள் இறந்தவர்களுக்குச் செய்த இரண்டாவது கொடுமை இதுதான்: பொய் உடைந்தபோது அதோடு சேர்ந்து உண்மையும் உடைந்தது.

எலிசபெத் பிரைஸின் சாட்சியத்துக்குத் திரும்புகிறேன். பிள்ளைகள் மாண்ட அந்தப் பாலத்துக்குப் பின்னர் ஒரு மாலைப்பொழுதில் தாம் சென்றபோது, ஆற்றில் இடுப்பளவு நீரில் ஒரு பெண்ணுருவம் கைகளைத் தூக்கி நின்று “பழி, பழி” என்று கூவியதைக் கண்டதாக அவர் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார். இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்து பிள்ளைகளை ஒரே ஆற்றில் பறிகொடுத்த தாய் அந்த ஆற்றங்கரையில் மாலை வேளையில் எதைக் கண்டிருப்பார், எதைக் கேட்டிருப்பார் என்று நாம் எப்படித் தீர்மானிப்பது? கையெழுத்துத் தாளில் இருக்கும்வரை அது ஒரு தாயின் ஓலம். டெம்பிளின் நூலில் அச்சேறியபோது அது படைதிரட்டும் முரசாகிவிட்டது. அந்நூல் தொடர்ந்து மறுபதிப்புக் கண்டது. 1662 முதல் அக்டோபர் 23ஆம் தேதி அயர்லாந்தின் புராட்டஸ்டன்ட் தேவாலயங்களில் நினைவுநாளாகச் சட்டப்படி கடைப்பிடிக்கப்பட்டது. போர்ட்டடவுன் பாலத்தின் காட்சி, மிக அண்மைக்காலம்வரை, வட அயர்லாந்தின் ஊர்வலப் பதாகைகளில் தீட்டப்பட்டுவந்தது.

இப்போது அந்தக் குறளுக்கு வருகிறேன். வள்ளுவர் வெறும் ‘நன்மை பயக்கும் எனின்’ என்று சொல்லவில்லை. ‘புரைதீர்ந்த நன்மை’ என்றார். குற்றம் சிறிதும் கலவாத நன்மை. 300,000 என்ற எண் பலருக்கு நன்மை பயந்தது: கடன் கொடுத்த வணிகருக்கு நிலம் கிடைத்தது, படைத்தலைவருக்கு நியாயம் கிடைத்தது, அச்சகத்தாருக்குக் காசு கிடைத்தது. ஆற்றில் மாண்ட ஒரு குழந்தைக்கும் அதனால் எதுவும் கிடைக்கவில்லை. டிரொஹெடாவில் மாண்டவர்களுக்கோ அந்த எண்ணே எமனாக வந்தது. நம் ஆட்களை விழிக்கவைப்பதற்காகச் சொல்லப்படும் எந்தப் பெருக்கலும் அந்தச் சொல்லின் முன் நிற்காது என்றே நான் கருதுகிறேன்.

இது ஏதோ நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய, குளிர்நாட்டுக் கதை என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. 1950 டிசம்பரில், டச்சுப் பெற்றோருக்குப் பிறந்து முஸ்லிம் வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த மரியா ஹெர்டோக் யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கின்போது, அந்தச் சிறுமி கன்னிமாதா சிலையின் முன்னால் மண்டியிட்டிருக்கும் படம் இங்குள்ள நாளிதழில் வந்தது. அந்தப் படம் போலியன்று. ஆனால் எரியும் மனங்களில் அது என்ன செய்யும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. டிசம்பர் 11ஆம் தேதி மூண்ட கலவரத்தில் 18 பேர் உயிரிழந்தார்கள். 173 பேர் காயமடைந்தார்கள். 1964 ஜூலையில் நடந்த இனக்கலவரத்தில் 23 பேரை இழந்தோம். வதந்தி கம்பத்துக்குக் கம்பம் பரவிய வேகத்தை என் வயதுக்காரர்கள் தங்கள் பெற்றோரின் வாயால் கேட்டிருப்பார்கள். சட்டங்கள் பிறகு வந்தன, அவை தேவை என்பதே என் கருத்தும். ஆனால் குடும்பக் குழுவில் வரும் ஒரு படத்தை நிறுத்தி, இது எங்கே எடுத்தது, இந்த எண்ணைச் சொன்னவர் யார், அவர் கண்டாரா கேட்டாரா என்று வினவும் பழக்கத்தை எந்தச் சட்டமும் ஊட்டிவிட முடியாது. ஈழத்தில் உற்றாரைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. தங்கள் இழப்பு மற்றவர்கள் எண்ணிக்கை குறித்து நடத்தும் வழக்காடலாகிவிடும் வேதனையை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். வெளிநாட்டுச் சமயக் கலவரங்கள் பற்றிய செய்திகளில் உயிரிழப்பு எண்ணிக்கையை வெளியிடும்போது, அதைச் சொன்னது அரசா, மருத்துவமனையா, ஒரு தரப்பின் அமைப்பா என்பதை ஒவ்வொரு முறையும், தலைப்புக்கு அருகிலேயே, குறிப்பிட வேண்டுகிறேன். இடம் குறைவு என்பதற்காக விடப்படும் சொல் எதுவாக இருந்தாலும் அது இதுவாக இருக்க வேண்டாம். மற்றொன்று, மாணவர் பக்கத்தைப் பற்றியது. உயர்நிலைப் பள்ளி வரலாற்றுத் தேர்வில் மூலச்சான்று வினாவுக்கு விடை எழுதும் நம் பிள்ளைகள், அந்தத் திறனைத் தமிழில் வரும் செய்திகள்மீது செலுத்திப் பார்க்க வாய்ப்பே இல்லாமல் இருக்கிறார்கள். தேசிய நூலகம் மின்னிலக்க வடிவில் வைத்திருக்கும் 1950ஆம், 1964ஆம் ஆண்டுகளின் தமிழ் நாளிதழ்ப் பக்கங்களிலிருந்து ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய செய்திகளை எடுத்து, கண்டது எது, கேட்டது எது என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சியை அப்பக்கத்தில் வாரந்தோறும் தரலாம். டப்ளின் வாக்குமூலங்களில் சிலவற்றைத் தமிழில் பெயர்த்துத் தர நான் அணியமாக இருக்கிறேன். எலிசபெத் பிரைஸின் சாட்சியத்தைத் தொடங்கிவிட்டேன். என் மைத்துனர் அதைப் படித்துப் பிழை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எதையும் கூட்டாமல் குறைக்காமல், அவர் கண்டதாகச் சொன்னதையும் கேட்டதாகச் சொன்னதையும் அவர் சொன்ன வரிசையிலேயே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தோ பாயோ, சிங்கப்பூர்